பங்கு பிரிக்கிற கணக்கு

கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு கரை சேர்ந்ததும் மீன் ஏலம் போகும். பணம் கைக்கு வந்ததும் பங்கு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் படகுக்காரரும் கடலுக்குப் போனவர்களும் பிரித்துக்கொள்வார்கள். சின்ன வயதில் அந்த இடத்தில் சண்டை வந்து நிறையப் பார்த்திருக்கிறேன். யாருக்கு எத்தனை பங்கு என்பதில் சண்டை வந்ததே இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். வந்த சண்டையெல்லாம் எதைச் செலவில் எழுதுவது என்பதில்தான். கிழிந்த வலை செலவா, முதலாளி பொறுப்பா? அதுவும், ஏலம் முடிந்தபிறகு புதுசாக ஒரு செலவைச் சொன்னால் குரல் உயர்ந்துவிடும். "இத போகும்போதே சொல்லிருக்கணும்ல?"

இடஒதுக்கீட்டின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு இந்த ஏலக்கூடம்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. நாம் சதவீதத்தைப் பற்றியே பேசுகிறோம். அந்தச் சதவீதம் எதன் மேல் போடப்படுகிறது, எப்போது அறிவிக்கப்பட்டது என்பதைப் பேசுவது குறைவு.

படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் ஆபீஸில் நடந்த ஒரு பேச்சு. எங்கள் டீமில் கனடாவிலிருந்து வேலை செய்யும் ஒருவர், பூர்வீகம் மன்னார். ஒரு நாள் மீட்டிங் முடிந்தபின் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவன் என்ற உரிமையில் நான் சொன்னேன்: "தரப்படுத்தல்தானே உங்க பிரச்சினைக்கெல்லாம் ஆரம்பம்?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது யாழ்ப்பாணத்துக்கு அண்ணை. தரப்படுத்தல் இல்லாட்டி எங்கட அப்பா கம்பசே கண்டிருக்க மாட்டார்."

எனக்குச் சட்டென்று ஒன்றும் சொல்ல வரவில்லை. கோட்டைப்பட்டினத்துக் கரையில் நின்றால் எதிர்க்கரை யாழ்ப்பாணம். என் பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். இலங்கையைப் பற்றி எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்விக்குப் பிறகு இலங்கையில் பல்கலைக்கழகம் வரை அரசின் செலவு. ஆகவே ஒரு மருத்துவ இடம் என்பது வெறும் இடம் இல்லை; பல வருடங்களுக்கு ஒரு பிள்ளைமேல் அரசு போடும் பணம். அந்தப் பணத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெரிய பங்கு போய்க்கொண்டிருந்தது. 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டை முதலான இடங்களில் வைத்த பள்ளிகள், அவர்களோடு போட்டி போட்டு வந்த சைவப் பள்ளிகள், மழையை நம்பிய வறண்ட மண், அதனால் அரசாங்க உத்தியோகமே பயிர் என்ற நிலைமை, எல்லாம் சேர்ந்த விளைவு. 1971 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் மக்கள்தொகையில் 11 சதவீதம். 1960களின் முடிவில் பொறியியலிலும் மருத்துவத்திலும் அவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவான இடங்களில் இருந்தார்கள்.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். அந்த வருடத்துச் சேர்க்கைக்கு மாணவர்கள் பரீட்சை எழுதி முடித்திருந்தார்கள். தமிழ்ப் பரீட்சகர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அள்ளிப் போட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது, அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் வெட்டுப்புள்ளி மொழிக்கு மொழி மாறியது. 400க்கு, பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலத்தில் எழுதியவருக்கு 227, தமிழில் எழுதியவருக்கு 250. மருத்துவத்துக்கு 229, 250.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அந்த விதியில் இனம் என்ற சொல்லுக்கு வேலை இல்லை. அலகு, மொழி. அப்படியென்றால் காத்தான்குடியிலோ கல்முனையிலோ தமிழில் எழுதிய முஸ்லிம் பையனுக்கும் 250தான். அமைச்சர் முஸ்லிம் என்பதால் அவன் தப்பிக்கவில்லை. நல்ல பள்ளிக்கூடம், ஆய்வுக்கூடம் எதையும் கண்டிராத கிழக்கு மாகாணத்துக் கிராமத்துப் பிள்ளையும், யாழ்ப்பாணத்தின் பெயர்போன கல்லூரியில் படித்த பிள்ளையும் ஒரே வரிசை. கொழும்பின் பெரிய பள்ளியில் சிங்களத்தில் படித்த வசதியான வீட்டுப் பையனுக்கு 227 போதும். பின்தங்கியவரைத் தூக்கிவிடுவதுதான் நோக்கம் என்றால் இதைவிட மோசமான அலகைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இது அரசுக்கும் புரிந்திருக்க வேண்டும். 1973இல் மொழிவாரியாகப் புள்ளிகளைப் புள்ளியியல் முறைப்படி சமன்செய்யும் தரப்படுத்தல் வந்தது. 1974இல் அதோடு மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. மாவட்டத்தின் மக்கள்தொகைக்கு ஏற்ப இடம். 1976இல் மறுபடி மாற்றம். 1977இல் ஆட்சி மாறியதும் இன்னொரு மாற்றம். 1979 வாக்கில்தான் ஒரு வடிவத்துக்கு வந்தது: 30 சதவீதம் நாடு முழுவதும் தகுதி அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைப்படி, 15 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. விகிதங்கள் பிற்பாடு மாறினாலும் அதன் சட்டகம் இன்றுவரை இருக்கிறது. நான் வேலை பார்க்கும் துறையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இப்படி ஏழெட்டு வருடத்தில் ஐந்து தடவை கை வைத்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே உள்ளே இருந்தது 18, 19 வயதுப் பிள்ளைகள். அறிவியல் சார்ந்த படிப்புகளில் தமிழர் பங்கு 1970இல் 35 சதவீதமாக இருந்தது 1975இல் 19 சதவீதமாக இறங்கியது. 1970இலேயே தமிழ் மாணவர் பேரவை உருவாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் மன்னார்க்காரர் சொன்னதும் இதே கணக்குக்குள்தான் இருக்கிறது. மாவட்ட ஒதுக்கீடு வந்ததும் அடி விழுந்தது முக்கியமாக யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும். மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து அதுவரை கம்பஸ் வாசலை மிதிக்காத தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். தமிழர் பங்கு குறைந்தது என்று நாம் சொல்வதற்குள் இவர்கள் ஒளிந்திருக்கிறார்கள். மலையகக் கதை நேர்மாறு. நுவரெலியா மாவட்டத்தின் தலைக்கணக்கில் தோட்டத் தொழிலாளர் சேர்க்கப்பட்டார்கள். அந்தத் தலைகளுக்காக மாவட்டத்துக்குக் கூடுதல் இடமும் கிடைத்தது. லயத்துப் பள்ளியோடு படிப்பு நின்றுபோன பிள்ளைகளால் அந்த இடங்களை எடுக்க முடியவில்லை. எடுத்தவர்கள் மாவட்டத்தின் மற்றவர்கள். எண்ணுவதற்கு ஒருவன், எடுப்பதற்கு இன்னொருவன்.

இனி எனக்குச் சங்கடமான கேள்விக்கு வருகிறேன். 1920களில் மெட்ராஸ் மாகாணத்தில் பிராமணர்கள் மக்கள்தொகையில் 3 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள். பட்டதாரிகளில் பெரும்பகுதி அவர்கள். நீதிக்கட்சி அரசு 1921இல் முதல் வகுப்புவாரி ஆணையைப் போட்டது. சுப்பராயன் அமைச்சரவையில் முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 12 வேலைக்குப் பிராமணரல்லாத இந்துக்கள் 5, பிராமணர் 2, முஸ்லிம் 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் 2, ஒடுக்கப்பட்டோர் 1. இதை நாம் சமூகநீதியின் தொடக்கம் என்று கொண்டாடுகிறோம். 11 சதவீதத்தினர் பாதி இடத்தில் இருந்ததை மாற்றிய சிறிமாவோவை இனவாதி என்கிறோம். ஒரே கடலின் இரண்டு கரை, ஒரே வகுத்தல் கணக்கு. நமக்கு வசதியான பக்கம் நின்றுகொண்டு பேசுகிறோமா?

ரொம்ப நாள் இதை மனசுக்குள் போட்டு உருட்டினேன். இரண்டும் ஒன்றில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். 'நாங்கள் ஒடுக்கப்பட்டவர்கள், அவர்கள் பெரும்பான்மை' என்று நம் மேடைகளில் சொல்லப்படும் காரணம் மட்டும் எனக்குப் போதவில்லை. பிராமணரல்லாதாரும் பெரும்பான்மைதானே?

மெட்ராஸ் ஆணையில் முன்னேறியவர்களுக்கும் ஒரு பங்கு எழுதப்பட்டிருந்தது. 1947இல் திருத்தியபோது 14 இடம்: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, ஹரிஜனங்கள் 2, பிராமணர் 2, கிறிஸ்தவர் 1, முஸ்லிம் 1. மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாகவே பிராமணருக்கு இருந்தது. அதுவும் போதாது என்று நினைத்தவர்கள் கோர்ட்டுக்குப் போக முடிந்தது. போனார்கள். செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு, சி.ஆர். சீனிவாசன் பொறியியல் கல்லூரிக்கு. செண்பகம் விண்ணப்பமே போடவில்லை என்பது பிறகு தெரியவந்தது, அது தனிக்கதை. 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. தமிழ்நாடு கொதித்தது. இரண்டே மாதத்தில், ஜூன் 18இல், முதல் சட்டத்திருத்தம், 15(4) வந்தது. இந்தத் திருத்தம் நியாயமில்லை என்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பேசியவர்களும் இருந்தார்கள். ஆணை, வழக்கு, தோல்வி, திருத்தம் எல்லாமே ஊரறிய நடந்தது.

இன்னொரு வித்தியாசம், மற்ற கதவுகள். மெட்ராஸில் ஒரு பிராமணப் பையனுக்குக் கிண்டியில் இடம் கிடைக்கவில்லை என்றால் டெல்லி இருந்தது, பம்பாய் இருந்தது, ரயில்வே இருந்தது. யாழ்ப்பாணத்துப் பையனுக்கு 1956 சிங்களம் மட்டும் சட்டத்தோடு உத்தியோகக் கதவு சாத்தப்பட்டது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது. மிச்சம் இருந்த ஒரே கதவு அறிவியல் படிப்பு. அந்தக் கதவில்தான், அதுவும் பரீட்சை முடிந்தபிறகு, புதுப் பூட்டுப் போட்டார்கள். ஏலம் முடிந்தபிறகு செலவு சொன்ன கதை.

முஸ்லிம்களுக்கு 1951ஆல் ஒரு பக்கவிளைவும் வந்தது. மதத்தின் பேரில் இருந்த தனிப்பங்கு போனது. பிற்பட்ட வகுப்பு என்பதுதான் இனி அலகு. லெப்பைகள் பிற்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். அந்தப் பெரிய கூட்டத்தில் ஒரு ஓரம். தனிப்பங்கு திரும்ப 56 வருடம் ஆனது. ஜனார்த்தனம் ஆணையத்தின் பரிந்துரையின்மேல் 2007இல் கருணாநிதி அரசு, பிற்பட்டோரின் 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று பிரித்தது.

இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் அடுத்த வருடம் நடந்தது. கிறிஸ்தவர்கள் தங்கள் 3.5 வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். பொதுவான பிற்பட்டோர் பிரிவில் போட்டியிட்டபோது அதைவிட அதிகம் கிடைத்துக்கொண்டிருந்தது என்று திருச்சபைகள் கணக்குப் பார்த்துச் சொன்னன. தனிப்பங்கு என்பது தரையாக இருக்கும் என்று நினைத்தார்கள், அது கூரையாக இருந்தது. 3.5க்குள் வந்தபின் மீதி 23இல் போட்டிபோட முடியாது. சின்ன ஆள்சேர்ப்புகளில் இன்னும் மோசம்: 20 வேலைக்கு 3.5 சதவீதம் போட்டால் 0.7 ஆள். முழு ஆளாக வரும்வரை சுழற்சிப் பட்டியலில் காத்திருக்க வேண்டும். அரசு 2008லேயே சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டது. பிற்பட்டோருக்கு 26.5, பிற்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 என்று ஆனது. ஒரு சமூகம் தன் பங்கைக் கையில் வாங்கி, எடை போட்டு, திருப்பிக் கொடுத்து, ஆட்சியும் சரி என்று வாங்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்ய முடியவில்லை.

2009இல் நான் பொறியியல் கவுன்சலிங் போனேன். ஹாலில் பெரிய திரை. ஒவ்வொரு கல்லூரிக்கும் நேராக ஓ.சி., பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. என்று எண்கள். யாரோ உள்ளே ஒரு இடத்தை எடுக்க எடுக்க எண் குறையும். அருந்ததியருக்கான எஸ்.சி.ஏ. அந்த வருடம்தான் புதிது. பி.சி.எம். கட்டத்தில் 2 என்று இருந்தது 1 ஆனதும் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த 1 எனக்குக் கிடைத்தது. பொதுப்போட்டியில் எனக்கு அந்தக் கல்லூரி வந்திருக்காது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. பத்தாம் வகுப்பு வரை என் பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருத்தன். என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவான். அவனுடைய அத்தா படகில் போகிறவர். என் அத்தா மலேசியாவில் கடை வைத்திருந்தவர். பதினொன்றாம் வகுப்புக்கு என்னை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அவன் ஐஸ் உடைக்கப் போனான். அரசின் பார்வையில் நாங்கள் இரண்டு பேரும் பி.சி.எம். என் பெயரைச் சேர்த்தும் அவன் பெயரைச் சேர்த்தும் எண்ணித்தான் அந்த 3.5 வந்தது. எடுத்தவன் நான். நுவரெலியா விஷயத்தை முதல்முறை படித்தபோது அதனால்தான் புத்தகத்தை மூடி வைத்தேன். மன்னார்க்காரர் யாழ்ப்பாணம் என்று சொன்னபோது குரலில் இருந்தது என்ன என்பதும் அப்போது புரிந்தது. அவருடைய கதையில் நான் யாழ்ப்பாணத்துக்காரன்.

பட்டியலுக்குள் யார் எடுக்கிறார்கள் என்ற கேள்வியை எழுப்புகிறவர்களில் பாதிப்பேர் ஒதுக்கீட்டையே ஒழிக்க நினைப்பவர்கள் என்பது எனக்கும் தெரியும். அதற்குப் பயந்து நாம் எண்ணாமலேயே இருக்கிறோம். எண்ணாததற்கு விலை உண்டு. 2021இல் வன்னியருக்குக் கொடுத்த 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டை உயர்நீதிமன்றமும் அடுத்த மார்ச்சில் உச்சநீதிமன்றமும் ரத்து செய்தபோது, சமீபத்திய தரவு இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். அம்பாசங்கர் ஆணையம் 1980களில் எடுத்த கணக்கை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது?

உதவித்தொகை விஷயமும் இதே மாதிரிதான். சச்சார் குழுவின் 2006 அறிக்கைக்குப் பிறகு ஒன்றிய அரசு சிறுபான்மை மாணவர்களுக்குப் பள்ளி உதவித்தொகை ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை. வீட்டு வருமானம் வருடம் 1 லட்சத்துக்குள், முந்தைய வகுப்பில் 50 சதவீத மதிப்பெண், 30 சதவீதம் பெண்பிள்ளைகளுக்கு. எந்த மாநிலத்துக்கு எத்தனை என்பது சிறுபான்மையினரின் மக்கள்தொகைப்படி. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் சின்ன வகுப்புப் பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய், வருடத்துக்குப் பத்து மாதம். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் ஜூன் மாதம் கடற்கரை ஊருக்கு வர வேண்டும். ஏப்ரல் நடுவிலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிகிற நேரத்தில்தான் நோட்டுப் புத்தகமும் யூனிபார்மும்.

2022 நவம்பரில், அந்த வருடத்து விண்ணப்பங்கள் உள்ளே போனபிறகு, எட்டாம் வகுப்பு வரை இனி கிடையாது என்று அறிவிப்பு வந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டு வரை இலவசம்தானே, மற்ற பிரிவினருக்கான திட்டங்களும் 9, 10க்குத்தான் இருக்கின்றன என்பது அரசு சொன்ன காரணம். காரணம் முற்றிலும் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நூறு ரூபாய் கட்டணத்துக்கு இல்லை, பராமரிப்புக்கு என்று வாதாடலாம்; வாதாட இடமிருக்கிற விஷயம். வாதாடுவதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவர்களுக்கு, ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. அப்படி நின்றவர்களில் என் பெஞ்ச்மேட்டும் ஒருத்தன். மகள் அப்போது ஏழாம் வகுப்பு.

போன பெருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவனைப் பார்த்தேன். இப்போது ஒரு படகில் டிரைவர். மகள் பத்தாம் வகுப்பு, கணக்கில் அவனைப் போலவே. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதத்தைப் பற்றிக் கேட்டான். 2020இல் மருத்துவத்துக்கு வந்து, 2021இல் பொறியியலுக்கும் விரிந்த ஒதுக்கீடு. சாதியையும் மதத்தையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தை அலகாக வைத்த கணக்கு. ஒருவகையில் நம்முடைய மாவட்ட ஒதுக்கீடு. அதைப் பற்றி அவனிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், அந்தப் படிப்புச் செலவையும் அரசே ஏற்கும்.

"ஆறுலேருந்தா?" என்றான்.

"ஆமா."

"ஆறும் ஏழும் எய்டட் ஸ்கூல்ல படிச்சா மச்சான். பக்கத்துல இருக்குன்னு போட்டோம். அங்கேயும் பீஸ் இல்லதானே, அதுவும் கவர்மெண்ட் சம்பளம்தானே?"

அரசு உதவிபெறும் பள்ளி அதில் வராது என்று சொன்னேன். வராது என்பதற்கு என்ன காரணம் என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவன் போனை எடுத்து, அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது எந்த வருடம் என்று விரல்விட்டு எண்ணினான். 2021. சட்டம் அதற்கு முந்தின வருடம் வந்துவிட்டது.

"அப்ப முன்னாடியே சொல்லித்தான் இருக்காங்க," என்றான். "நமக்குத்தான் வந்து சேரல."

பி.சி.எம். இருக்கிறது, அதில் வருவாள் என்றேன். தலையை ஆட்டினான். மறுநாள் கடலுக்குப் போகிற நாள். டீசல் பிடிக்க வேண்டும் என்று எழுந்துகொண்டான்.